ஊவாவின் ஏற்றங்களும் ஏழைகளின் வாகனமும்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னால் நாட்கணக்கில் நீண்டு கிடந்த வரிசைகளை இந்நாட்டு மக்கள் இலகுவில் மறந்துவிடப் போவதில்லை. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவானது. அடுத்த மாத இறுதியில் நடைமுறைக்கு வந்த கியூ.ஆர். முறையின் கீழ் முச்சக்கர வண்டியொன்றுக்கு ஆரம்பத்தில் வாரத்திற்கு 5 லீற்றரே ஒதுக்கப்பட்டது. கொழும்பிலும் ஏனைய சமதரைப் பிரதேசங்களிலும் வாழ்ந்தோர் மூலையில் கிடந்த துவிச்சக்கர வண்டிகளைத் தூசு தட்டி எடுத்தனர். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தைச் சுமந்ததும் அதே துவிச்சக்கர வண்டிதான். ஆனால், பதுளையிலிருந்து பசறைக்கும் மடுல்சீமைக்கும் நமுனுகுலைக்கும் ஏறிச் செல்லும் பாதைகளில் அந்த மாற்றுவழிக்கும் இடமிருக்கவில்லை. அங்கே முச்சக்கர வண்டி நின்றபோது மக்கள் நடந்தனர்; நடக்க முடியாதவர்களைப் பிறர் தாங்கிச் சென்றனர்.

அந்த நெருக்கடி கடந்துவிட்டது, வரிசைகளும் கலைந்துவிட்டன. ஆயினும், அது அம்பலப்படுத்திய குறைபாடு அப்படியே இருக்கின்றது. தோட்டப்புறங்களில் பஸ் வண்டி பிரதான வீதியோடு நின்றுவிடுகின்றது. அங்கிருந்து லயன் குடியிருப்புகளுக்குச் செல்லும் 2, 3 அல்லது 4 கிலோமீற்றர் தூரமே மக்களின் உண்மையான போக்குவரத்துப் பிரச்சினையாகும். பிரசவ வலியெடுத்த பெண்ணும், கிளினிக் செல்லும் முதியவரும், மாலை வகுப்பு முடிந்து திரும்பும் மாணவியும் கடக்க வேண்டியிருப்பது அந்தத் தூரத்தைத்தான். 1990 அவசர அம்பியூலன்ஸ் சேவை வந்தது பெரும் ஆறுதல் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், மழையில் அரித்துப்போன உட்பாதையில் அந்த வாகனமும் எல்லா வேளைகளிலும் லயத்து வாசல் வரை வந்துவிட முடியாது.

இந்த இடைவெளியை இன்று நிரப்புவது பெற்றோல் முச்சக்கர வண்டியே. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதனை 1,550 ரூபாவாக உயர்த்தி, மேலும் 200 ரூபா வரவுக் கொடுப்பனவு வழங்கவும் முன்மொழியப்பட்டது. அதற்கும் கொழுந்தின் நிறை சரியாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வருமானத்தில் வைத்தியசாலைக்கு ஒருமுறை "ஹயர்" போய்வருவது அந்த நாளின் உழைப்பில் பெரும் பங்கைத் தின்றுவிடுகின்றது. மறுபுறம், அந்த வண்டியை ஓட்டும் தமிழ், முஸ்லிம் இளைஞர்களும் செல்வத்தில் புரள்பவர்களல்லர். லீசிங் கம்பனிக்கு மாதத் தவணை, பெற்றோல், உதிரிப்பாகம் ஆகியவை போக எஞ்சுவதே அவர்களது வீட்டு அடுப்புக்குப் போகின்றது. ஆகவே, ஓட்டுநரைக் குறை சொல்வதால் பயணியின் சுமை குறையப் போவதில்லை.

இந்நிலையில், மனித வலுவால் இயங்கும் பயணிகள் முச்சக்கர வண்டியைச் சீராக வடிவமைத்தால் ஏழை மக்களுக்குக் கட்டுபடியாகும் உள்ளூர்ப் போக்குவரத்து கிடைக்கும் என்ற கருத்து உலகின் பல பாகங்களிலும் முன்வைக்கப்படுவதை நாம் கவனத்திற் கொள்ளலாம். அது நல்ல கருத்தே. ஆனால், சமவெளிக்காரர்கள் சமவெளிக்காகச் சிந்தித்த ஒன்றை மலையகத்தில் அப்படியே இறக்கி வைத்தால் என்ன நேரும் என்பதையும் கணக்குப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

கணக்கு மிக எளிது. நல்ல உடல்நிலையுள்ள ஒருவர் நீண்ட நேரம் களைப்பின்றி மிதிக்கும்போது தரக்கூடிய வலு ஏறக்குறைய 75 வோட். இது ஒரு மின்விசிறி சுழலத் தேவைப்படும் அளவுதான். வண்டியின் எடை 80 கிலோ, ஓட்டுநர் 55 கிலோ, பயணிகள் இருவர் 110 கிலோ என்று கொண்டால் மொத்தம் 245 கிலோ. சமதரையில் இந்த வலுவைக் கொண்டு மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் செல்லலாம். நூறு அடிக்கு ஐந்து அடி உயரும் பாதையில் அதே வேகம் மணிக்கு 2 கிலோமீற்றருக்குக் கீழே இறங்கிவிடும். நூறுக்குப் பத்து என்றால் 1 கிலோமீற்றர்தான். அந்த வேகத்தில் மூன்று சில்லு வண்டியைச் சமநிலையில் வைத்திருக்கலாம் என்றாலும், பயணி இறங்கி நடந்தால் முன்னதாகவே வீடு சேர்ந்துவிடுவார்.

எமது மலைநாட்டு ரயில் பாதையை அமைத்த பொறியியலாளர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். நீராவி இயந்திரத்தின் வலுவுக்கு ஏற்றவாறு 44 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தைத் தாண்டாமல் அவர்கள் பாதையைக் கொண்டு சென்றனர். அந்த வரம்புக்குள் நிற்க வேண்டியிருந்ததாலேயே தெமோதரையில் தண்டவாளம் ஒரு வளையமாகச் சுற்றித் தனக்குக் கீழேயே புகுந்து செல்கின்றது. 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது அப்படித்தான். அந்த மென்மையான ரயில் ஏற்றத்தில்கூட நாம் மேலே சொன்ன வண்டி மணிக்கு மூன்றரைக் கிலோமீற்றர் வேகத்திற்கு மேல் போகாது. கொழுந்து லொறி செல்வதற்காக வெட்டப்பட்ட தோட்டப் பாதைகளோ அதைவிடப் பல மடங்கு செங்குத்தானவை.

ஆகவே, வெறும் மனித வலுவை மட்டும் நம்பும் வண்டி ஊவாவின் தோட்டங்களுக்கு உதவாது என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுவதே நேர்மை. அதேவேளை, ஊவா என்றால் மலை மாத்திரமல்ல. பதுளை மாவட்டத்திலேயே மகியங்கனை, கிராந்துருகோட்டை போன்ற மகாவலிச் சமவெளிகள் இருக்கின்றன. மொனராகலை மாவட்டத்தில் புத்தளையும் தணமல்விலையும் தாழ்ந்த நிலங்களே. அங்கெல்லாம் எடை குறைந்த, கியர் பொருத்திய மிதிவண்டி முச்சக்கரம் சந்தைக்கும் பாடசாலைக்கும் தாராளமாகப் பயன்படும்.

ஏற்றம் ஒருபுறமிருக்க, இறக்கம் அதைவிட ஆபத்தானது. 4 கிலோமீற்றர் தூரத்தில் 400 மீற்றர் இறங்கும் பாதையில் 245 கிலோ எடையைக் கட்டுப்படுத்தி இறக்கும்போது பிரேக்குகள் விழுங்க வேண்டிய வெப்பம், ஏறக்குறைய மூன்று லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இந்தியாவிலும் பங்களாதேஷிலும் பல தசாப்தங்களாக ஓடிவரும் வழமையான சைக்கிள் ரிக்ஷாவில் பிரேக் இருப்பது பெரும்பாலும் முன்சில்லில் மட்டுமே. அதுவும் விளிம்பை அழுத்திப் பிடிக்கும் இரண்டு றப்பர் துண்டுகள். இருக்கை உயரமானது, பின்சில்லுகளுக்கிடையே அகலம் குறைவு, மிதிக்கும் வலு ஒரு பின்சில்லுக்கு மட்டுமே போகின்றது. டாக்காவின் தட்டையான வீதியில் இக்குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பஸ் வண்டி பள்ளத்தில் பாய்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் பலியானதையும், 2025 செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் 15 பேர் உயிரிழந்ததையும் கண்ட ஊவா மக்களுக்கு, பாதையோரப் பள்ளமும் பிரேக்கும் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இந்தப் பழைய ரிக்ஷாவைத் திருத்தும் முயற்சிகள் புதியனவல்ல. 1970களிலேயே ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் ஸ்டுவர்ட் வில்சன் வறிய நாடுகளுக்கென 'ஒக்ஸ்ட்ரைக்' என்ற மூன்று சில்லு வண்டியை கியருடன் வடிவமைத்தார். 1990களின் இறுதியில் ஆக்ராவிலும் டில்லியிலும் ஒரு சர்வதேச போக்குவரத்து நிறுவகத்தின் முயற்சியால் வண்டியின் எடை 30 சதவீதமளவில் குறைக்கப்பட்டு, கியரும் வசதியான இருக்கையும் சேர்க்கப்பட்டன. அதே காலப்பகுதியில் மகாராஷ்டிரத்தின் பல்டன் என்ற சிறு நகரில் அனில் ராஜ்வன்ஷி தலைமையிலான ஆய்வு நிறுவனம் பின்சில்லு பிரேக், ஐந்து கியர் கொண்ட ரிக்ஷாவையும், மிதிப்பவருக்கு மோட்டார் துணைசெய்யும் ரிக்ஷாவையும், முற்றிலும் மின்சாரத்தால் ஓடும் ரிக்ஷாவையும் அடுத்தடுத்து உருவாக்கியது. 2008 ஒக்டோபரில் இந்திய அரசின் விஞ்ஞான ஆய்வுக் கழகம் 'சோலெக்ஷா' என்ற சூரியசக்தி ரிக்ஷாவை டில்லி சாந்தினி சௌக்கில் ஆரவாரத்துடன் அறிமுகப்படுத்தியது.

இத்தனை அறிவும் உழைப்பும் செலவிடப்பட்ட பின்னர் என்ன நடந்தது? 2010ஐ ஒட்டி, சீன உதிரிப்பாகங்களைக் கொண்டு மலிவாகப் பொருத்தப்பட்ட பற்றரி ரிக்ஷாக்கள் டில்லி வீதிகளை நிறைத்தன. அவற்றை வடிவமைத்தது எந்த விஞ்ஞானியுமல்ல, சந்தைதான். மிதிக்க வேண்டிய அவசியமில்லை என்பதால் தொழிலாளர்கள் அவற்றையே தேடிச் சென்றனர். அதில் நாம் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால், தகுந்த பிரேக்கும் பதிவும் காப்புறுதியும் இல்லாமல் அவை ஓடியதன் விளைவாக, 2014 ஜூலையில் டில்லி உயர்நீதிமன்றம் அவற்றைத் தடைசெய்ய நேர்ந்தது. 2015இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பின்னரே அவற்றுக்கு முறையான இடம் கிடைத்தது. வாகனம் முதலில் வந்து சட்டம் பின்னால் ஓடியதன் விலையைக் கொடுத்தது பாதையில் சென்ற சாதாரண மக்களே.

ஊவாவுக்கு இவை எல்லாவற்றையும் விட நெருக்கமான உதாரணமொன்று இருக்கின்றது. மும்பைக்கு அருகிலுள்ள மாத்தேரான் ஒரு மலைவாசஸ்தலம். அங்கே சாதாரண மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லாததால், மனிதனை மனிதன் கையால் இழுத்துச் செல்லும் ரிக்ஷா இந்த நூற்றாண்டிலும் நீடித்தது. 2025 ஆகஸ்ட் 6ஆம் திகதி இந்திய உச்சநீதிமன்றம் அதனை மனித கண்ணியத்திற்கு மாறானது எனக் கண்டித்து, ஆறு மாதங்களுக்குள் கைவிடுமாறு உத்தரவிட்டது. அத்துடன் நின்றுவிடாமல், குஜராத்தின் கெவாடியாவில் உள்ளதைப் போன்று மின்சார ரிக்ஷாக்களை அரசே வாங்கி, இதுவரை இழுத்து வந்தவர்களுக்கே வாடகை அடிப்படையில் வழங்கும் திட்டத்தையும் அது சுட்டிக்காட்டியது. தமிழகத்தில் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது 1973இல் கை ரிக்ஷாவை ஒழித்து, அதை இழுத்தோரிடம் சைக்கிள் ரிக்ஷாவை ஒப்படைத்ததும் ஏறத்தாழ இதே வழிதான்.

கண்ணியம் பற்றிய இந்தக் கேள்வியை நாமும் தட்டிக் கழிக்க முடியாது. சுமக்கவும் வெட்டவும் ஏறவும் என்றே கொண்டுவரப்பட்ட ஒரு சமூகத்தின் பேரப்பிள்ளைகளிடம், இருநூறு வருடங்களுக்குப் பின்னர் "இப்போது ஆட்களை வைத்து மிதியுங்கள்" என்று சொல்வது அபிவிருத்தியாகாது. சுகாதாரப் பாதுகாப்போ போதிய உணவோ இல்லாத ஓர் இளைஞனின் முழங்காலையும் நெஞ்சையும் எரிபொருளாக்கி மலிவுப் பயணம் வழங்குவதற்கு நாம் ஆதரவு தர முடியாது. மனித வலு ஒரு துணையாக இருக்கலாம். பாரம் முழுவதையும் அதன்மீது ஏற்றக் கூடாது.

அப்படியாயின், ஊவாவுக்குத் தேவைப்படுவது மிதியும் மோட்டாரும் சேர்ந்த வண்டி. 75 வோட் மனித வலுவோடு 250 வோட் சிறு மோட்டாரைச் சேர்த்தால், நூறுக்குப் பத்து ஏற்றத்திலும் அந்த 245 கிலோ பாரம் மணிக்கு 4 கிலோமீற்றரை நெருங்கிய வேகத்தில் ஏறும். நடைவேகம்தானே என்று ஏளனம் செய்ய வேண்டியதில்லை. நடக்க இயலாதவருக்கு அதுவே வாகனம். 4 கிலோமீற்றர் தூரத்தை அவ்வாறு ஏறி முடிக்க அரை அலகு மின்சாரமும் தேவைப்படாது. கீழே இறங்கும்போது அதே மோட்டார் வண்டியைத் தடுத்துப் பிடித்து, சிறிதளவு மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பியும் தரும். பற்றரி தீர்ந்துவிட்டால், தாழ்ந்த கியரில் ஆளில்லா வண்டியை மிதித்தோ தள்ளியோ வீடு கொண்டுவந்து சேர்க்கலாம். பெற்றோல் தீர்ந்த முச்சக்கர வண்டியை அவ்வாறு செய்வது எவ்வளவு சிரமம் என்பது 2022இல் பலருக்கும் தெரிந்துவிட்டது.

வடிவமைப்பில் நாம் எதிர்பார்ப்பவை ஆடம்பரமானவையல்ல. மூன்று சில்லுகளிலும் பிரேக் இருக்க வேண்டும். அவற்றுள் ஒரு தொகுதியாவது ஈரத்திலும் சூட்டிலும் கைவிடாத டிரம் அல்லது டிஸ்க் வகையாகவும், நிறுத்தி வைக்கும்போது பூட்டக்கூடியதாகவும் அமைய வேண்டும். கேபிளொன்று அறுந்தால் மற்றது பிடிக்க வேண்டும். வளைவில் கவிழாதவாறு இருக்கை தாழ்ந்தும் பின்பகுதி அகன்றும் இருப்பது நல்லது. ஆனால், தோட்டப் பாதையின் அகலத்தையும் ஒருமுறை அளந்து பார்க்காமல் வரைபடம் கீறக் கூடாது. வடகீழ்ப் பருவ மழையில் பயணியின் மடி நனையாதபடி படங்குத் திரை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி கால் நீட்டிச் சாய்ந்து படுக்கும்படி இருக்கையின் முதுகு பின்னால் மடங்க வேண்டும். ஒரு கர்ப்பிணித் தாயின் பயணத்தை மனதிற் கொண்டு வண்டியை வடிவமைத்தால் ஏனையோரின் வசதி தானாகவே அதில் அடங்கிவிடும். வெலிமடை, குருத்தலாவை பக்கங்களில் மரக்கறி கொண்டு செல்வோருக்கு இருக்கையைக் கழற்றிப் பெட்டி பூட்டும் வசதியும் பயன்படும்.

இதனைச் செய்வதற்கு வெளிநாட்டு நிபுணர் குழுவொன்று வர வேண்டியதில்லை. 2005இல் ஆரம்பிக்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கின்றது. தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றது. ஏகலையிலுள்ள தேசிய பொறியியல் ஆய்வு அபிவிருத்தி நிலையம் 1974 முதல் இத்தகைய பணிகளுக்கென்றே இயங்கி வருகின்றது. பதுளை, பண்டாரவளை நகரங்களின் வெல்டிங் கடைகளிலும் சைக்கிள் திருத்தும் கடைகளிலும் உள்ள கைத்திறனுக்கும் குறைவில்லை. பழுதடைந்தால் பசறையில் திருத்த முடியாத எந்த உதிரிப்பாகமும் அந்த வண்டியில் இருக்கக் கூடாது என்பதே முதல் நிபந்தனையாக இருக்கட்டும்.

வண்டியை விடச் சிக்கலானது பாதை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகவே நீண்டகாலம் பயன்படுத்தப்பட்டது. வாக்குக் கேட்க மட்டும் தோட்டத்திற்கு வந்தவர்கள், பாதை கேட்டபோது அந்தச் சட்டத்தைக் காட்டினர். கம்பனியோ பாதை தனது கொழுந்து லொறிக்குப் போதுமானது என்று இருந்துவிட்டது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, அந்தச் சாட்டு இல்லாமல் போய்விட்டது. இருந்தும் பாதைகளின் நிலையில் அதற்கேற்ற மாற்றம் காணப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின்போது பதுளை மாவட்டத்தை மண்சரிவுகள் சிதைத்த விதம், பலவீனமாயிருந்த பாதைகளை மேலும் பின்னோக்கித் தள்ளிவிட்டது. அவற்றை மீள அமைக்கும்போது செங்குத்தான ஓரிரு திருப்பங்களையேனும் தளர்த்தி, நீர் வடியும் கான்களைச் சீராக வெட்டினால், இலகு வண்டிகளுக்கு அதுவே பெரிய உதவியாகும். லொறி சமாளிக்கும் குழியில் இத்தகைய வண்டியின் சில்லு உடைந்துவிடும்.

அடுத்தது உரிமை. 1980இல் பஞ்சாப் ரிக்ஷா தொழிலாளர் வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம், வண்டிக்குச் சொந்தக்காரரே அதனை ஓட்ட வேண்டும் என்ற சட்டத்தை வறியவர்களைப் பாதையிலிருந்து அகற்றும் கருவியாக்க விடாமல், அவர்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கும் ஏற்பாட்டோடு இணைத்தது. அசாமின் குவாஹாட்டியில் 2004இல் தொடங்கிய 'ரிக்ஷா வங்கி' நாளாந்தம் சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு, காலக்கிரமத்தில் ஓட்டுநரையே உரிமையாளராக்கியது. நாள் வாடகைக்கு வண்டி எடுத்து ஆயுள் முழுவதும் வாடகையே கட்டும் முறையோ, இன்றைய லீசிங் வட்டியோ இங்கு நுழைந்தால், பயணக் கட்டணம் மீண்டும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். தோட்டங்களிலுள்ள கூட்டுறவு அமைப்புகளும் மகளிர் சங்கங்களும் இரண்டு, மூன்று வண்டிகளை வாங்கி நடத்தலாம். ஏற்கனவே முச்சக்கர வண்டி ஓட்டுவோருக்கே முதலிடம் கொடுப்பது நியாயமானது. நீண்ட தூரத்துக்குத் தமது வண்டியையும், தோட்டத்துக்குள் இதனையும் அவர்களே ஓட்டட்டும். பத்து இலட்சத்துக்கும் அதிகமான முச்சக்கர வண்டிகள் பதிவாகியுள்ள நாட்டில் அவர்களது பிழைப்புக்குப் போட்டியாக ஒன்றைக் கொண்டுவந்தால் அது தரிப்பிடத்திலேயே தகராறில் முடியும்.

பதிவு, காப்புறுதி ஆகியவற்றையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வோட் வரையான மோட்டார் துணையுடன், மிதிக்கும்போது மட்டும் இயங்கி, 25 கிலோமீற்றர் வேகத்தில் மோட்டார் நின்றுவிடும் துவிச்சக்கர வண்டியைச் சாதாரண சைக்கிளாகவே கருதுகின்றனர். பயணிகளை ஏற்றும் வண்டிக்கு அந்தத் தளர்வை அப்படியே வழங்க முடியாதெனினும், பிரேக் பரிசோதனையும் மலிவான காப்புறுதியும் கொண்ட தனிப் பிரிவொன்றை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வகுக்கலாம். டில்லியில் நடந்ததைப் போன்று வண்டிகள் வீதிக்கு வந்த பின்னர் தடையுத்தரவு தேடி ஓடுவதைவிட அது இலகுவானது.

ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் 2019இல் முடிந்துபோனது. ஆகவே, இதற்கான முதல் அடியை 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான பிரதேச சபைகளே எடுத்து வைக்கலாம். பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை சபைகளில் ஏதாவது ஒன்று, பல்கலைக்கழகத்துடன் பேசி இரண்டு மாதிரி வண்டிகளுக்கான செலவைத் தனது அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்குமானால் போதும். அந்த மாதிரிகளைக் கொழும்புக் கண்காட்சி மண்டபத்தின் வழுவழுப்பான தரையில் ஓட்டிக் காட்டிப் படம் பிடித்துவிட்டு வைத்துவிடக் கூடாது. நவம்பர் மழையில், முழுப் பாரத்துடன், ஸ்பிரிங்வெலித் தோட்டத்திலிருந்து பதுளை வைத்தியசாலை வரை இறக்கி, மீண்டும் ஏற்றிப் பார்க்க வேண்டும். அதில் அமர்ந்து சென்று குறைகளைச் சொல்ல வேண்டியவர்கள் அந்தத் தோட்டத்துப் பெண்களே.